ஓலைக்காலும் சீலைக்காலும்
(ஹவில்தார் ஒருவர் கவிஞரான கதை)

மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து, "அண்ணா, நீங்க வரலாறு படிச்சவரு. இந்த வருச மலருக்கு நம்ம பசங்களுக்குப் பிரயோசனமா ஒரு கட்டுரை குடுங்க" என்று கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். பேனாவை எடுத்து உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்தது வகுப்பறை அல்ல, நமது கல்லூரியின் பரேடு மைதானம்தான்.

1962ல் சீனப் படையெடுப்பு நடந்தது. அடுத்த ஆண்டே கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாயிற்று. அந்த 1963ல்தான் நான் பி.யூ.சி.யில் சேர்ந்தேன். பொழுது விடியுமுன் காக்கி அரை டிரவுசரைக் கஞ்சி போட்டு மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்க வேண்டும். எங்களுக்குக் கவாத்து சொல்லிக் கொடுத்தவர் தாராபுரம் பக்கத்துக்காரர், இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா வரை போய் வந்த ஓய்வு பெற்ற ஹவில்தார். நாங்கள் அவரை 'உஸ்தாத்' என்போம். எங்களில் பாதிப் பேர் கிராமத்துப் பையன்கள். லெஃப்ட் எது, ரைட் எது என்று கால் குழம்பும். பட்டாளத்தில் வழிவழியாகச் சொல்லும் கதையை அவரும் சொல்வார். ஒரு காலில் ஓலையையும் மறு காலில் சீலைத்துணியையும் கட்டிவிட்டு, 'ஓலைக்கால், சீலைக்கால்' என்று சொல்லி நடக்கப் பழக்குவார்களாம். நாங்கள் குழம்பும்போதெல்லாம் அவரும் "ஓலைக்கால்... சீலைக்கால்..." என்று ராகம் போட்டு நீட்டுவார். கால் தானாகச் சரியாகிவிடும்.

ஒருநாள் நான் துணிந்து கேட்டேன். "ஏனுங்க உஸ்தாத், சண்டையில எத்தன பேரச் சுட்டீங்க?"

அவர் சிரித்தார். "சுட்டது எங்கீங்க தம்பி? மூணு வருசமும் மழையும் அட்டையுந்தான். நான் அரிசி மூட்டைக் கணக்கு எழுதீட்டிருந்தேன்."

எனக்கு அன்று பெரிய ஏமாற்றம். யுத்தத்துக்குப் போய் வந்தவரிடம் சொல்வதற்கு மூட்டைக் கணக்குதான் இருக்கிறதா என்று நினைத்தேன். அந்தப் பதில் எவ்வளவு ஆழமானது என்பது பல வருடங்கள் கழித்து இன்னொரு ஹவில்தாரைப் பற்றித் தெரிந்துகொண்டபோதுதான் புரிந்தது. அவரும் யுத்தத்துக்குப் போனவர், அவரும் மூட்டைக் கணக்கு எழுதியவர். பெயர் காஜி நஜ்ருல் இஸ்லாம். வங்காளிகளின் 'புரட்சிக் கவி'.

வங்கி வேலையில் எனக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது, அலுவலக நண்பர் ஒருவர் மே மாதக் கடைசியில் நஜ்ருல் பிறந்தநாள் விழாவுக்கு என்னை அழைத்துப் போனார். எனக்கு வங்காளி அரைகுறை. ஆனால் ஒரு பாட்டு தொடங்கியதும் என் கால் தரையில் தட்ட ஆரம்பித்தது. ஓலைக்கால், சீலைக்கால்! சந்தேகமே இல்லை, அது பரேடு மைதானத்துத் தாளம். ஒரு கவிஞனின் பாட்டுக்குள் இந்தத் தாளம் எப்படி வந்தது? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

'துக்கு மியா'

நஜ்ருல் 1899 மே 24 அன்று வங்காளத்தின் பர்த்வான் மாவட்டத்தில் சுருலியா என்ற கிராமத்தில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி அது. வீட்டில் வைத்த செல்லப்பெயர் 'துக்கு மியா', அதாவது துக்கத்துப் பிள்ளை. பெயருக்கேற்ற வாழ்க்கை. ஒன்பது வயதில் தகப்பனார் போய்விட்டார். பள்ளிவாசலில் பாங்கு சொல்வது, சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என்று பிழைப்பு நடந்தது.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் 'லேட்டோ' என்று ஒரு கலை உண்டு. பாட்டும் வசனமும் கூத்துமாக இரவெல்லாம் நடக்கும். நம் கொங்கு நாட்டில் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பையன் லேட்டோ குழுவில் சேர்ந்து பாட்டும் கட்டினான். புராணக் கதையும் வந்தது, முஸ்லிம் கதையும் வந்தது. பிறகு அசன்சோலில் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தான். அங்கே அவன் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த ஒரு போலீஸ் அதிகாரி, தம் சொந்த ஊர்ப்பக்கம் கூட்டிப்போய்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார். கடைசியில் ராணிகஞ்சில் சியர்சோல் ராஜ் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் கெட்டி. பாரசீகம் படித்தான், சங்கீதமும் கொஞ்சம் கற்றான். ரகசியப் புரட்சி இயக்கத்தோடு தொடர்புள்ள ஆசிரியர் ஒருவரின் செல்வாக்கும் அவன்மேல் விழுந்தது.

1917ல் பத்தாம் வகுப்பு. மெட்ரிக்குலேஷன் பரீட்சை எழுத வேண்டிய நேரம். பையன் பட்டாளத்துக்குப் போய்விட்டான்!

எம்டனும் வங்காளிப் பல்டனும்

முதல் உலக யுத்தம் நமக்கு எப்படித் தெரியும்? 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றைக்கும் பேச்சில் சொல்கிறோம். ஆனால் அந்த யுத்தத்தின் பெரும் பாரம் வேறு. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் உதவியாட்களும் கடல் தாண்டி அனுப்பப்பட்டார்கள். 70,000 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. இவர்களில் பெரும் பகுதி போனது மெசபொடேமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்கு.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. வெள்ளைக்காரன் இந்தியர்களை 'வீர இனம்', 'வீரமற்ற இனம்' என்று பிரித்து வைத்திருந்தான். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்கள் லாயக்கில்லாதவர்கள் என்ற முடிவுக்கு வந்தவர். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் நம்மவர்களைக் குறைத்து, வடமேற்கு ஆட்களைக் கூட்டினார். வீரப்பூர்ப் படுகளத்தை வருடா வருடம் பாட்டில் கேட்டு அழுகிற நாட்டுக்காரனுக்கு அந்தப் பட்டம்! வங்காளிக்கும் அதே முத்திரைதான். 'பேனா பிடிப்பான், துப்பாக்கி பிடிக்க மாட்டான்' என்று கேலி.

யுத்தத்தில் ஆள் போதாமல் போனதும் 1916ல் வங்காளிகளுக்கும் கதவு திறந்தது. 49வது வங்காளிப் படை உருவாயிற்று. மக்கள் அதை 'வங்காளிப் பல்டன்' என்றார்கள். சேர்ந்த பையன்களில் பலர் படித்தவர்கள். ராஜவிசுவாசம் எல்லோருக்கும் காரணமல்ல. எங்கள் முகத்தில் பூசிய கரியைத் துடைப்போம் என்று சிலர் போனார்கள். துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டால் நாளைக்கு உதவும் என்று சிலர் நினைத்தார்கள். சிலருக்கு வயிறு.

ராணிகஞ்சில் நஜ்ருலோடு இன்னொரு பையனும் பெயர் கொடுக்கப் போனான். உயிர் நண்பன், சைலஜானந்த முகோபாத்யாய். ஒருவன் முஸ்லிம், மற்றவன் பிராமணன். மருத்துவப் பரிசோதனையில் சைலஜானந்தனைத் தள்ளிவிட்டார்கள். நஜ்ருல் மட்டும் ரயிலேறினார். இந்த நண்பனை மறந்துவிடாதீர்கள், கடைசியில் இவரிடம் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

கராச்சியில் ஒரு சாமான் அறை

பயிற்சி வடமேற்கு எல்லையில் நௌஷெராவில் நடந்தது. பிறகு கராச்சி. பல்டனின் மற்றப் பகுதிகள் மெசபொடேமியாவுக்குப் போய் வெயிலிலும் நோயிலும் அவதிப்பட்டன. நஜ்ருலை அங்கே அனுப்பவில்லை. யுத்தம் முடிந்து படை கலைகிற வரை சுமார் இரண்டரை வருடம் அவர் கராச்சியிலேயே இருந்தார். சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பட்டாலியன் குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார் ஆனார். அதாவது உடுப்பு, பூட்ஸ், ரேஷன், கம்பளி எல்லாவற்றுக்கும் கணக்கு. நம் உஸ்தாத் சொன்ன அதே மூட்டைக் கணக்கு.

பள்ளிப் பாடப்புத்தகங்களில் 'போர்க்களத்தில் பெற்ற அனுபவமே அவரைப் புரட்சிக் கவியாக்கியது' என்கிற தோரணையில் படிக்க நேரும். நம்பாதீர்கள். அவர் களம் காணவில்லை. பிறகு யுத்தம் அவருக்கு என்னதான் கொடுத்தது? என் கணக்கில் நான்கு.

முதலாவது, நேரம். ஒன்பது வயதிலிருந்து அடுத்த வேளைச் சோற்றுக்கு அலைந்த பையனுக்கு முதல் முறையாக மூன்று வேளைச் சாப்பாடும், மாதச் சம்பளமும், சாயங்காலத்தில் சும்மா இருக்க ஓய்வும் கிடைத்தன. கல்கத்தாவிலிருந்து இலக்கியப் பத்திரிகைகளை வரவழைத்தார். ஆர்மோனியமும் பாட்டுமாகப் பாசறையைக் கலகலப்பாக வைத்திருந்தார். அங்கிருந்தே எழுதியனுப்பிய முதல் கதை 1919ல் 'சௌகாத்' பத்திரிகையில் வந்தது. நாடோடி ஒருவன் தன் கதையைச் சொல்வதாக அமைந்தது. அதே ஆண்டு முதல் கவிதையும் அச்சேறியது. ஆரம்பத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'ஹவில்தார்' என்றே போட்டார்கள்.

இரண்டாவது, ஒரு குரு. பல்டனில் பஞ்சாபி மௌல்வி ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் பாரசீக மகாகவி ஹாபிஸின் பாடல்களைச் சொல்லக் கேட்டு மயங்கிப்போய், அன்றிலிருந்தே அவரிடம் பாரசீகம் படிக்கத் தொடங்கியதாக நஜ்ருலே பின்னாளில் எழுதியிருக்கிறார். பள்ளியில் போட்ட விதை பட்டாளத்தில் முளைத்தது. வங்காளிக் கவிதைக்குள் அரபு, பாரசீகச் சொற்கள் அவ்வளவு மிடுக்கோடு வந்ததற்கும், வங்காளியில் கஜல் என்ற பாட்டு வகை வேரூன்றியதற்கும் பின்னால் இந்த மௌல்வி நிற்கிறார்.

மூன்றாவது, உலகச் செய்தி. அவர் பட்டாளத்தில் சேர்ந்த அதே 1917ல்தான் ரஷ்யாவில் புரட்சி. அந்தச் செய்தி கராச்சித் துறைமுகத்துக்கும் வந்தது. அங்கே அவர் எழுதிய 'வேதனையின் காணிக்கை' என்னும் கதையில் நாயகன் போய்ச் செஞ்சேனையில் சேர்கிறான். கல்கத்தாவில் அதை அச்சிட எடுத்த முஸாபர் அகமது, போலீசுக்குப் பயந்து, 'செஞ்சேனை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விடுதலைத் தொண்டர் படை' என்ற பொருளில் மாற்றிவிட்டார். இதை அவரே தம் நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் சாமான் அறையில், சாம்ராஜ்யத்தின் சம்பளத்தில் உட்கார்ந்து எழுதிய கதை அது!

நான்காவதுதான் முக்கியம். தாளம். தினமும் காலையில் நூற்றுக்கணக்கான பூட்ஸ் கால்கள் ஒரே நேரத்தில் தரையில் விழுகிற சத்தம். அதைக் கேட்டவனுக்கு உடம்பில் ஊறிவிடும். நமக்கே அறுபது வருடம் கழித்து மறக்கவில்லையே! அதோடு இன்னொன்றும் உண்டு. அந்த வரிசையில் யார் எந்த ஜாதி, யார் எந்த மதம் என்று காலுக்குத் தெரியாது.

திரும்பி வந்தவரின் எச்சில் தட்டு

1920ல் பல்டன் கலைந்து, நஜ்ருல் கல்கத்தா வந்தார். தங்கியது நண்பர் சைலஜானந்தன் இருந்த மெஸ்ஸில். சில நாட்களில் வந்தவர் முஸ்லிம் என்று தெரிந்துபோயிற்று. அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டேன் என்று வேலையாள் மறுத்துவிட்டான். நஜ்ருல் மூட்டையைக் கட்டிக்கொண்டு, கல்லூரி வீதி 32ஆம் எண் கட்டடத்தில் முஸ்லிம் இலக்கியச் சங்க அலுவலகத்துக்கு, முஸாபர் அகமதுவிடம் போய்ச் சேர்ந்தார்.

மன்னருக்காகச் செத்துப்போகலாம், அதற்கு மதம் பார்க்கமாட்டார்கள். செத்துப்போகாமல் திரும்பி வந்தால் தட்டைக் கழுவ ஆளில்லை. டீக்கடையில் தனிக் குவளை வைத்த ஊர்களைக் கண்ணால் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சம்பவம் அந்நியமாகத் தோன்றாது. ஜாதியின் பெயரால் நடக்கும் அயோக்கியத்தனத்தைச் சாடி அவர் பின்னாளில் எழுதிய பாட்டு வங்காளம் முழுக்கப் பிரபலம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வரும்.

இன்னொரு செய்தி நம் மாணவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். முன்னாள் சிப்பாய் என்ற சலுகையில் சப்-ரிஜிஸ்திரார் வேலைக்கு விண்ணப்பித்து, நேர்காணலுக்கு அழைப்பும் வந்திருந்தது. போகவில்லை! நம் வீட்டில் என்றால் என்ன பேச்சு விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வேலைக்குப் பதிலாக அவரும் முஸாபர் அகமதுவும் 1920 ஜூலையில் 'நவயுகம்' என்னும் மாலைப் பத்திரிகையை நடத்த ஆரம்பித்தார்கள்.

பென்சிலில் எழுதிய இரவு

இங்கே ஒரு தமிழ்க் கணக்கையும் போட்டுக்கொள்வோம். 1921 ஜூலைக் கடைசியில் பாரதியார் ஈரோடு கருங்கல்பாளையம் வந்து, மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசினார். நம் கொங்கு மண்ணில் அவர் குரல் கேட்ட அந்த நாளுக்குப் பிறகு ஆறு வாரத்தில், செப்டம்பரில், மறைந்துவிட்டார். அதே டிசம்பரில் கல்கத்தாவில், தால்தலா சந்து வீட்டில், 22 வயது நஜ்ருல் ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் ஒரு நீண்ட கவிதை எழுதினார். மையைத் தொட்டு எழுதினால் கை மனசின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது என்று பென்சிலில் எழுதினார். காலையில் எழுந்த முஸாபர் அகமதுதான் முதலில் கேட்டவர். 'பித்ரோஹி', புரட்சிக்காரன், 1922 ஜனவரி 6 அன்று 'பிஜிலி' வாரப் பத்திரிகையில் வந்தது. அதோடு அவர் வங்காளம் முழுவதும் தெரிந்த பெயரானார்.

அந்தக் கவிதையில் 'நான்' என்ற சொல் நூறு தடவைக்கு மேல் வருகிறது. சிவன், இஸ்ராபீல், சூறாவளி என்று வரிசையாகத் தன்னை அறிவித்துக்கொண்டு போகிற கவிஞன், நடுவே தன்னை டார்பிடோ என்றும் கடலில் மிதக்கும் கண்ணிவெடி என்றும் சொல்கிறான். பழைய புராணத்தோடு புதிய யுத்தத்தின் சாமான்களும் சேர்ந்து வருகின்றன. கடைசியில் இந்தச் சண்டைக்காரன் தான் சண்டையில் களைத்தவன் என்றும், நசுக்கப்பட்டவர்களின் அழுகை நிற்கிற நாளில்தான் ஓய்வான் என்றும் முடிக்கிறான். வெற்றி கிடைத்தால் ஓய்வேன் என்று சொல்லவில்லை, பாருங்கள்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய 'கமால் பாஷா'வில் பரேடு மைதானமே அப்படியே இருக்கிறது. துருக்கிச் சிப்பாய்கள் வென்று திரும்பி வரிசையாக நடந்து வருகிறார்கள். கவிதைக்கு நடுவே ஹவில்தார் மேஜர் 'லெஃப்ட், ரைட்' என்று கட்டளை கொடுக்கிறார். அடிகள் அந்தக் கட்டளைக்குக் கால் வைக்கின்றன. கேலியும் கும்மாளமுமாக வருகிறவர்கள், செத்துப்போன தோழர்களை நினைத்ததும் குரல் தழுதழுக்கிறார்கள். நடையும் கனக்கிறது. கவிதையைச் சத்தமாகப் படித்தால் இந்த மாற்றம் காலில் தெரியும். நூலகத்தில் உட்கார்ந்து யாப்பு படித்தவனால் இப்படி எழுதியிருக்க முடியாது.

தாளம் யாருடையது?

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம். பட்டாளத்துக் கவாத்து எதற்காக ஏற்பட்டது? தனி மனிதனை அழித்து, யோசிக்காமல் கட்டளைக்குக் கால் எடுத்து வைக்கிறவனாக ஆக்குவதற்கு. நஜ்ருல் அந்தக் கவாத்தைக் கற்றுக்கொண்டு, கட்டளையை மட்டும் மாற்றிவிட்டார். சாம்ராஜ்யம் சொல்லிக்கொடுத்த 'லெஃப்ட், ரைட்'டைச் சாம்ராஜ்யத்துக்கு எதிராக நடக்க வைத்தார். பூட்ஸ் அவர்களுடையது, பயணம் நம்முடையதாகிவிட்டது.

1922 ஆகஸ்டில் 'தூமகேது' (வால் நட்சத்திரம்) என்ற பத்திரிகையைத் தொடங்கி, அக்டோபரிலேயே முழு விடுதலை வேண்டும் என்று எழுதினார். காங்கிரஸ் மகாசபை பூரண சுயராஜ்யம் என்று தீர்மானம் போட்டது 1929 டிசம்பரில்! அந்தப் பத்திரிகையில் எழுதிய கவிதைக்காக நவம்பரில் கைது, அடுத்த ஜனவரியில் ஓராண்டுச் சிறை. ஹூக்ளி சிறையில் கைதிகளை நடத்திய விதத்தை எதிர்த்து ஒரு மாதத்துக்கும் மேல் உண்ணாவிரதம். அவர் சிறையில் இருந்தபோது தாகூர் தம் 'வசந்தம்' இசை நாடகத்தை அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். அந்தச் சிறையில் விலங்கு பூட்டிக்கொள்வதைப் பற்றி ஒரு பாட்டு கட்டினார். சங்கிலிச் சத்தமே அதற்குத் தாளம். பரேடு மைதானத்தில் கற்றது சிறை வராந்தாவில் உதவியது.

இன்றைய மாணவர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1971 யுத்தத்தைப் பற்றிய 'பிப்பா' என்ற இந்திப் படம் 2023 நவம்பரில் வந்தது. அதற்காக நஜ்ருலின் 'சிறையின் இரும்புக் கதவு' பாட்டுக்கு நம் ஏ.ஆர். ரகுமான் புது மெட்டு போட்டார். இரண்டு வங்காளங்களிலும் பெரிய எதிர்ப்பு. கவிஞரின் குடும்பத்தாரும் வருந்தினார்கள், தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். என் பேத்திக்கு இது புரியவில்லை. "கேட்க நல்லாத்தானே இருக்கு தாத்தா, எதுக்கு இவ்வளவு கோவம்?" என்றாள். பழைய மெட்டைத் தேடிப் போட்டுக் காட்டினேன். அது கதவை உடைக்கப் போகிறவர்களின் நடை. புதியது இனிமையான நாட்டுப்புற மெட்டு. "இப்ப ரெண்டுக்கும் நடந்து பாரு" என்றேன். நடந்து பார்த்தாள். புரிந்துகொண்டாள். ரகுமான் திறமையில் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பாட்டில் தாளம் வெறும் தாளமல்ல, அதுதான் அர்த்தம்.

1928ல் டாக்காவில் நடந்த ஓர் இலக்கிய மாநாட்டுக்காக இளைஞர்களை 'நட, நட, நட' என்று அழைத்து அவர் எழுதிய பாட்டு, வங்கதேசம் பிறந்த பிறகு 1972ல் அந்நாட்டின் போர்நடைப் பாட்டாக ஏற்கப்பட்டது. கராச்சியில் ஹவில்தார் கற்ற நடை, வேறொரு நாட்டின் ராணுவத்துக்கு நடை கற்றுக்கொடுத்தது.

போர் கவிஞனை உண்டாக்குமா?

இப்படியெல்லாம் எழுதுவதால், 'அப்படியானால் யுத்தம் நல்லதுதானே' என்று எந்த இளைஞனும் நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் வில்பிரட் ஓவன் என்ற கவிஞர் அதே யுத்தத்தில் பதுங்குகுழிகளின் கொடுமையைக் கண்டு எழுதியவர். யுத்தம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4 அன்று, 25 வயதில் சுடப்பட்டு இறந்தார். யுத்தம் ஒரு கவிஞனுக்குப் பொருள் கொடுத்தது, அவனையே எடுத்தும் கொண்டது. நஜ்ருல் பிழைத்ததற்குக் காரணம் வீரமல்ல, கராச்சியில் நிறுத்தப்பட்ட அதிர்ஷ்டம்தான். அதே பல்டனில் சேர்ந்து மெசபொடேமியாவில் நோயில் விழுந்த பையன்களுக்குள் எத்தனை பாட்டுகள் இருந்தனவோ!

இப்போது, மறக்க வேண்டாம் என்று சொன்ன நண்பருக்கு வருகிறேன். பட்டாளத்தில் எடுக்கப்படாத சைலஜானந்தன் என்ன ஆனார்? ஊரில் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்தார், அவர்களைப் பற்றிக் கதைகள் எழுதினார். வங்காளியின் முக்கியமான எழுத்தாளர்களில் ஒருவரானார், திரைப்பட இயக்குநருமானார். ஒருவன் போனான், ஒருவன் போகவில்லை. இருவரும் கலைஞரானார்கள். ஆகவே கலைஞனை உண்டாக்குவது யுத்தம் அல்ல. கிடைத்த இடத்தில் காதைத் திறந்து வைத்திருப்பதுதான். சாமான் அறையானாலும் சரி, சுரங்க வாசலானாலும் சரி.

பாதியில் விட்ட படிப்பை நஜ்ருல் தொடரவே இல்லை. மெட்ரிக்குலேஷன் கடைசி வரை எழுதவில்லை. ஆனால் பாரசீகத்தை விடவில்லை. ஹாபிஸின் ருபாயத்தை அவர் மொழிபெயர்த்து வெளியிட்டது 1930ல். அம்மை கண்ட மகன் புல்புலின் படுக்கையருகே உட்கார்ந்து தொடங்கிய வேலை அது. வேலை முடிந்தபோது பிள்ளை இல்லை. அந்தப் புத்தகத்தை அவனுக்கே சமர்ப்பித்தார். பட்டாளத்து மௌல்வி கொடுத்த பாடம், பதின்மூன்று வருடம் கழித்து ஒரு தகப்பனின் துக்கத்துக்குக் கைகொடுத்தது. யுத்தம் கொடுத்ததில் மிகப் பெரியது இதுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

1926ல் கல்கத்தாவில் இந்து–முஸ்லிம் கலவரம். அப்போது அவர் எழுதிய படகோட்டிப் பாட்டு, மூழ்குகிறவன் இந்துவா முஸ்லிமா என்று கேட்பவனைப் பார்த்துச் சீறுகிறது. காளிக்கும் பாடினார், நபிக்கும் பாடினார். மூவாயிரத்துக்கு மேல் பாடல்கள். 1942ல் மூளையைத் தாக்கிய நோயால் பேச்சும் நினைவும் போயின. 34 வருட மௌனம். 1972ல் வங்கதேசம் அவரை டாக்காவுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொண்டது. 1976 ஆகஸ்ட் 29 அன்று இறந்தார். அவர் பாட்டில் கேட்டுக்கொண்டபடியே, டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். மாணவர்கள் தினமும் கடந்து போகிற இடம்.

கடைசியாக ஒன்று. எங்கள் உஸ்தாத் கவிஞரல்ல. ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் லெஃப்ட்-ரைட் தெரியாத பையன்களுக்கு அதை ராகம் போட்டுச் சொல்லத் தெரிந்திருந்தது. பர்மா மழையில் மூன்று வருடம் மூட்டை எண்ணியவர் கொண்டுவந்த சொத்து அந்த ராகம் ஒன்றுதான். அதை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று அவரிடம் நான் 'எத்தன பேரச் சுட்டீங்க?' என்று கேட்டிருக்கக் கூடாது. 'அங்க என்னங்க கேட்டீங்க?' என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்போது படிக்கிற தம்பி, தங்கைகளே! உங்கள் வீட்டில், தெருவில், பட்டாளத்துக்குப் போய் வந்த தாத்தாவோ மாமாவோ இருந்தால், இந்தக் கேள்வியை நீங்களாவது கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த மலருக்கு அது ஆகும்.

சந்திப்புக்கு வருகிற பழைய நண்பர்களே! மைதானத்தில் ஒரு தடவை வரிசையாக நடந்து பார்ப்போமா? முழங்கால் ஒத்துழைத்தால்தான். ஓலைக்கால்... சீலைக்கால்...